பதினெட்டுக்கு மேல் கொஞ்சம்

பதினெட்டு கிராம் காபிக்கொட்டை போட்டால் பதினெட்டு கிராம் பொடி வர வேண்டும். அரவைப் பெட்டிக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அரைக்கால் கிராம் குறைந்தால்கூட ஒத்துக்கொள்ளலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தராசு காட்டியது பதினெட்டு புள்ளி மூன்று.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அவளால் முடியாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பத்தொன்பது வருடமாக மருந்து நிறுத்துக் கலப்பவள். போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை என்று எதையும் இரண்டு முறை நிறுக்காவிட்டால் அவளுக்கு அன்றைய சோறு இறங்காது. வீட்டுக்காரர் அவளுக்குத் ‘தராசு’ என்றே பேர் வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் கிண்டலாகச் சொன்னது, போகப்போக அதுவே செல்லப்பேராகிவிட்டது.

தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்துப் பார்த்தாள். அதே பதினெட்டு புள்ளி மூன்று. பொடி பறக்காமல் இருக்க அரைக்கும் முன் கொட்டைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்தத் தண்ணீரின் கனமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

மெஷினும் அரவைப் பெட்டியும் அவருடையவை. அவர் ஒரு பேக்கரியில் மாஸ்டர். விடியற்காலை அடுப்புக்குப் போகும் முன் தனக்கென்று ஒரு எஸ்பிரெசோ போட்டுக் குடித்தால்தான் கை ஓடும் என்பார். அவளுக்குக் காபி ஒத்துக்கொள்ளாது. ஒரு வாய் குடித்தாலே நெஞ்சு கரிக்கும். அதனால் சமையலறையின் அந்த மூலைப் பக்கம் அவள் போனதே இல்லை.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது, ஆனால் போகிறபோது அவருடைய நாக்கையும் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரியவில்லை, இனிப்பு தெரியவில்லை. டாக்டர், “சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது” என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனார். மூன்றாம் நாள், ஒரு பெரிய பிறந்தநாள் கேக்குக்குச் சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டு, கலவையை வழக்கம்போல விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “சரியா இருக்கு” என்று தலையாட்டியிருக்கிறார்.

பேக்கரி முதலாளி நல்ல மனுஷர். கத்தவில்லை. “உடம்பத் தேத்திக்கிட்டு வாங்க மாஸ்டர். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் உங்க இடத்துல வேற ஆளப் போட மாட்டேன். அதுக்கு மேல என் கையிலயும் இல்ல” என்றார்.

அன்றிலிருந்து மாஸ்டர் வீட்டில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தட்டில் வைத்ததை நாலு வாயோடு தள்ளிவிடுவார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

“மெஷின் சும்மா கெடந்தா துருப்பிடிச்சுடும்” என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு அவளே காபி போட ஆரம்பித்தாள். அவருடைய பழைய நோட்டில் எல்லாம் இருந்தது. பதினெட்டு கிராம் பொடி, முப்பத்தாறு கிராம் காபி, இருபத்தெட்டு விநாடி. பொடி பெருவெட்டாக இருந்தால் தண்ணீர் கடகடவென்று ஓடிவிடும், காபி புளிக்கும். ரொம்ப நைஸாக இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும், கசக்கும். அரவைப் பெட்டியின் கழுத்தில் இருக்கும் எண் வளையத்தைத் துளித்துளியாகத் திருகி இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பொடியைக் கைப்பிடிக் கிண்ணத்தில் கொட்டி, கட்டி உடைத்து, சமமாக அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். மருந்து கலந்த கைக்கு இதெல்லாம் பழகிய வேலை. ஒரே குறை, நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அவள் குடிக்க மாட்டாள். குடிக்கிறவருக்குத் தெரியாது.

“எப்படி இருக்குங்க?”

“சுடுதண்ணி.”

ஐந்து வாரமாகத் தினமும் இதே கேள்வி, இதே பதில். அந்தச் செவ்வாய்க்கிழமை, மாசக் கடைசிக்கு இன்னும் இருபது நாள் இருக்கையில், அவள் ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு வாய்விட்டே சொன்னாள்: “என் நாக்க எடுத்தாவது அந்த மனுஷனுக்குக் குடுக்கக் கூடாதா!” யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அடுப்படியில் நிற்கிற பெண்கள் இப்படி ஆயிரம் சொல்வார்கள். எதிரே இருந்தது அரவைப் பெட்டி மட்டும்தான்.

ஸ்விட்சை அழுத்தினாள். கொட்டை நொறுங்கும் சத்தம் வந்தது, ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும், உள்ளே எதுவுமில்லாத வெற்றுச் சுழற்சிக்கு நடுவில், ஒரு மூச்சு நேரம் வேறு ஏதோ மெதுவாக அரைபட்டது. அவளுடைய நாக்கின் ஓரத்தில், யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல, லேசாகக் குறுகுறுத்தது. அப்புறம்தான் தராசு பதினெட்டு புள்ளி மூன்று காட்டியது.

மாஸ்டர் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

“புளிக்குது.”

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. “என்ன சொன்னீங்க?”

“புளிக்குது தராசு! நல்லாவே புளிக்குது! கேவலமா போட்டிருக்கே!” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கல்யாணத்தன்று யாராவது வாழ்த்தியபோதுகூட அவள் இவ்வளவு பூரித்துப் போனதில்லை. ஓடிப்போய் எண் வளையத்தை ஒரு கோடு நைஸாகத் திருகி வைத்தாள்.

மத்தியானம் மருந்தகத்தில், பக்கத்துக் கவுண்டர்க்காரி ஆரஞ்சு உரித்துப் பாதியைக் கொடுத்தாள். “ஐயோ, என்னா புளிப்பு, பல்லெல்லாம் கூசுது” என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இவளுக்கோ சொதசொதவென்று ஏதோ ஈரமாக இறங்கியது. புளிப்பே இல்லை. சந்தோஷத்தில் நாக்கு மரத்துப்போச்சு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் தண்ணீர் தெளிக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அரவைப் பெட்டியைக் கழற்றி, பல்சக்கரம் இரண்டையும் பிரஷ்ஷால் துடைத்து, பழைய பொடி ஒரு துகள் இல்லாமல் பளபளக்க வைத்துப் பூட்டினாள். என்ன செய்தும் பதினெட்டு புள்ளி மூன்றுதான். கொட்டை தீர்ந்த பிறகு வரும் அந்தச் சத்தமும், நாக்கில் அந்தச் சுரண்டலும் நிற்கவில்லை. இப்போது சுரண்டுவது நாக்கின் ஓரத்தில் இல்லை, பின்பக்கத்தில்.

சனிக்கிழமை மாஸ்டர் சொன்னார்: “இன்னிக்குக் கசக்குது. வளையத்த ரொம்பத் திருகிட்டே.”

அன்று தலைவலிக்கு மாத்திரை போட்டபோது அது அவள் தொண்டையில் ஒட்டிக் கரைந்தது. எப்பேர்ப்பட்ட கசப்பு மாத்திரை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை குழந்தைகள் அதைத் துப்பிப் பார்த்திருக்கிறாள்! இப்போது சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்த மாதிரி இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு அந்த ஆரஞ்சு ஞாபகம் வந்தது.

அவள் கணக்கான ஆள். மறுநாள் அரைத்துக் காபியும் போட்டு, அவருக்குக் கொடுக்காமல் தொட்டியில் கொட்டினாள். அவரிடம் மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று பூசி மெழுகினாள். அன்று அவளுக்கு எதுவும் குறையவில்லை, அவருக்கு எதுவும் கூடவில்லை. ஆக, அவள் அரைக்க வேண்டும், அவர் குடிக்க வேண்டும். நிறுத்த வேண்டுமானால் இத்தோடு நிறுத்தலாம்.

ஆனால் புளிப்பையும் கசப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்த மாஸ்டர் கேக் செய்ய முடியும்? அன்று சாயங்காலம் அவர் பால்கனியில் நின்று, யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, சர்க்கரையை விரலில் தொட்டு நாக்கில் வைத்து வைத்துப் பார்ப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அவர் முகம் போன போக்கை அவளால் தாங்க முடியவில்லை.

தேன் பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். விழுங்காமல் கரையும்வரை அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் இன்னொரு ஸ்பூன். மனமறிந்துதான் கொடுத்தாள் அந்த மகராசி, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் ஒரு வாய் குடித்து, இன்னொரு வாயும் குடித்துப் பார்த்தார். “அடியில ஒரு இனிப்பு இருக்கு தராசு” என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அழுதார்கள். காரணம் மட்டும் வேறு.

உப்பு அந்த வாரக் கடைசியில் போனது. மூக்கு அடுத்த வாரம்.

அதன் பிறகு வீடு கலகலப்பாகிவிட்டது. மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். காலை முதல் சாயங்காலம்வரை அடுப்புதான். பன் செய்தார், வெண்ணெய் பிஸ்கட் செய்தார், நாலு வகை ரொட்டி செய்தார். சூடாகப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, “அடடா!” என்பார். விரலைச் சப்புவார். பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது முதல் இரண்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து அந்த “அடடா”வைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாய்க்குள் பன் ஈரப் பஞ்சாக உருண்டது. “எப்படி?” என்று அவர் கேட்பார். “நல்லா இருக்கு” என்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு மில்லிகிராம் பொய் சொல்லாதவள், இப்போது வேளைக்கொன்று சொன்னாள்.

எனக்கே எனக்கென்று இருந்த நாக்கு, என்று நினைப்பாள். நினைத்துவிட்டு, சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினால் பசி அடங்குமா? பாத்திரம் தேய்க்கும்போது அவர் மென்று முழுங்கும் சத்தம் முதுகுப் பக்கம் கேட்கும். அவள் தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுவாள்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் மாஸ்டர் வேலைக்குத் திரும்ப வேண்டும். முதலாளி எதிரில் ஒரு கல்யாணக் கேக் செய்து காட்டுவதாகப் பேச்சு.

காலையில் அரவைப் பெட்டியின் சத்தம் கேட்டு அவள் விழித்தாள். பக்கத்தில் அவர் இல்லை. எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றாள். மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்விட்சில் விரலோடு நின்றிருந்தார். கொட்டை நொறுங்கி ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு, ஒரு மூச்சு நேரம், அந்த இன்னொரு சத்தம் கேட்டது. அவர் நாக்கைப் பல்லில் தேய்த்துக்கொண்டார், ஏதோ குறுகுறுத்தவர் மாதிரி.

தராசின் எண் வாசலிலிருந்தே தெரிந்தது. பதினெட்டு புள்ளி மூன்று.

“வந்துட்டியா? உனக்காகத்தான் போடறேன்” என்றார். “நெஞ்சு கரிக்கும்னு ஆரம்பிக்காதே. ஒரே ஒரு வாய்.”

“இப்ப எதுக்குங்க எனக்கு?”

“ரெண்டு வாரமாப் பாக்கறேன், நீ எதையும் ரசிச்சுச் சாப்பிடல. நல்லா இருக்குன்னு சும்மா சொல்றே. எனக்குத் தெரியாதா?” அவர் கைப்பிடியை மெஷினில் மாட்டித் திருகினார். காபி மெல்லிய கோடாக, தேன் நிறத்தில் இறங்கியது. “எனக்குத் திரும்பி வந்த ருசியில கொஞ்சம் உனக்குக் குடுக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே அரைச்சேன். சிரிக்காதே.”

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கப் ஏற்கெனவே கையில் இருந்தது. ஒரு வாய்தானே.

புளித்தது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் சுரீரென்று ஏறி, தாடையில் எச்சில் ஊறி, கண்ணில் தண்ணீர் வந்தது. பத்தொன்பது நாளாகச் செத்துக்கிடந்த வாய் உயிர் வந்து துடித்தது.

மாஸ்டர் மேஜையிலிருந்த ஆரஞ்சில் ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். “இந்தப் பழம் ஏன் இப்படிச் சப்புன்னு இருக்கு?” என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளை மார்க் கேட்கிற முகம். “அத விடு. காபி எப்படி இருக்கு, சொல்லு.”

‘சுடுதண்ணி’ என்று சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையோடு கப்பைக் கீழே வைத்துவிடலாம். அந்த மனுஷன் நாளைக்கு வேலைக்குப் போய்விடுவார். அவளுக்கு அது தெரியும். மனசுக்குள் அந்த வார்த்தை தயாராகவும் இருந்தது.

அவள் கப்பை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த நுரையையும் விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நல்லா இருக்குங்க” என்றாள். “இன்னொண்ணு போடுங்க.”