அப்பா, மூஞ்சி

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் முகத்தைப் பார்த்து “சிரிக்காதீங்க” என்று சொல்வதுதான் அந்த மனிதரின் பிழைப்பு. பாஸ்போர்ட்டுக்கும் லைசென்ஸுக்கும் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோ. கீழே கடை, மேலே வீடு. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டூல், இரண்டு பக்கமும் குடை விளக்கு. வருகிறவர்கள் தலையை வாரிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய வந்து உட்காருவார்கள். “வாய மூடுங்க. கண்ண நல்லாத் தொறங்க. இமைக்காதீங்க.” அவ்வளவுதான், முடிந்தது. அழகாக எடுத்துவிட்டால் ஆபீசில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்! இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் ஸ்டுடியோக்காரர். மனைவி இருந்தவரைக்கும் சிரித்தார்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. மிச்சமிருந்தது அவரும் மகள் சுண்டுவும்தான். சுண்டுவிரல் மாதிரி பிறந்தாள் என்று வைத்த செல்லப்பெயர். அப்பாவின் தோளுக்கு வளர்ந்த பிறகும் அவள் சுண்டுதான். அம்மா போனபின் அந்தப் பெண் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அழுதிருந்தாலாவது அணைத்துக்கொண்டிருக்கலாம். அழவும் இல்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான். அதற்குள்ளே ஏதோ ஒரு விளையாட்டில், ஏதோ ஒரு தீவில், செங்கல் மேல் செங்கல்லாக ஒரு வீடு கட்டிக்கொண்டே இருந்தாள்.

“நம்ம வீடாம்மா அது?” என்று ஒருநாள் எட்டிப்பார்த்துக் கேட்டார்.

“இல்ல” என்றாள். அதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகள் டேப்லெட்டிலும் போனிலும் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் விளையாடலாம். அதற்குமேல் வேண்டுமென்றால் பெற்றவர் முகத்தைக் காட்ட வேண்டும், அரைமணிக்கு ஒருதரம். திரையில் ஒரு வட்டம் வரும். அதில் முகத்தை வைத்து, இமைக்கச் சொன்னால் இமைத்து, சிரிக்கச் சொன்னால் சிரிக்க வேண்டும். வெறும் போட்டோவைக் காட்டி யாரும் ஏமாற்றிவிடக் கூடாதாம், அதற்காக.

ஸ்டுடியோக்காரருக்கு வந்ததே கோபம்! “எம் பொண்ணு எவ்வளவு நேரம் விளையாடணும்னு சொல்ல இவங்க யாரு? சோறு போடறது நானா, அவங்களா?” என்று கடையில் கத்தினார்.

லைசென்ஸ் போட்டோவுக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் நிதானமாகச் சொன்னார். “சட்டத்தப் போட்டுட்டு சாவிய உங்க கையிலதானே குடுத்திருக்காங்க? தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம். அப்புறம் எதுக்குக் கோவப்படறீங்க?”

ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் போனார். “தாடைய எறக்குங்க” என்றார்.

அன்று சாயங்காலமே சுண்டு மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவளாக வந்தாள். டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “அப்பா, மூஞ்சி” என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இமைத்தார், சிரித்தார். மகள் டேப்லெட்டின் விளிம்புக்கு மேலே அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டம் பச்சையானது. “சாப்பிட்டியாம்மா?” என்றார். “ம்” என்றாள். போய்விட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் மனிதருக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தலைகால் புரியவில்லை. மகள் தன் முகத்தைப் பார்த்தாள், பேசினாள்! அதற்குப் பிறகு அரைமணிக்கு ஒருதரம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும். வாடிக்கையாளரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். சட்டத்தைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டார். கேட்டால் சொல்ல மாட்டார், ஆனால் உள்ளுக்குள் அந்தச் சட்டம் போட்ட புண்ணியவான்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பில் தூங்குகிறாளாம், கணக்கில் பூஜ்யமாம். தலைமையாசிரியர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, “இனிமே பாத்துக்கறேங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். சேதி அக்காவின் காதுக்கு எட்டியது. அக்கா கூடப்பிறந்தவள், விடுவாளா? நேரே கடைக்கே வந்துவிட்டாள்.

“ஏன்டா, கவர்மெண்ட்டே வேணாங்குது. நீ உக்காந்து தெறந்து விட்டுக்கிட்டிருக்கியா? நீ அவளுக்கு அப்பனா, இல்ல பூட்டுச் சாவியா?”

“தாயில்லாப் பொண்ணுக்கா. கேக்கறா, குடுக்கறேன்.”

“அவளுக்காகக் குடுக்கறியா, உனக்காகக் குடுக்கறியா? மனசத் தொட்டுச் சொல்லு.”

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “கொஞ்ச நாளைக்கு நீ கெட்டவனா இருந்துட்டுப் போடா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெட்டவனாக இருந்து பார்த்தார். அன்று சுண்டு வந்து நின்றபோது, “இன்னிக்கு வேணாம்மா, போய்ப் படி” என்றார். சண்டை போடுவாள், கத்துவாள் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் சொன்னார். அவள் டேப்லெட்டை அணைத்தாள். திரும்பி மாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தட்டைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. மனைவி போன முதல் வாரம் மாதிரியே இருந்தது வீடு.

நாலாம் நாள் அவரே மாடிப்படியடியில் நின்று கூப்பிட்டார். “சுண்டு... மூஞ்சி வேணாமா?”

அடப்பாவி மனுஷா! அக்கா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். விளையாட்டு அவளுக்கு வேண்டியிருந்ததைவிட, அந்த அரைமணிக்கொரு பார்வை இவருக்கு அதிகமாக வேண்டியிருந்தது. அது இவருக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டார்.

பழையபடி காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சில நாள் கழித்துச் சுண்டு கீழே வந்து, டேப்லெட் இல்லாமல் நின்றாள். கையில் அம்மாவின் பழைய போன் இருந்தது. “அப்பா, உங்கள ஒரு வீடியோ எடுத்துக்கவா?” என்றாள்.

இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லார் முகத்தையும் எடுத்தவரை எடுக்க ஒரு ஆள்! அம்மாவின் போனில் அம்மா இருக்கிறாள், இப்போது அப்பாவையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள் குழந்தை என்று நினைத்தார். கடைக் கதவைச் சாத்தினார். தலையை வாரிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் பாட்டுக்கு எடுத்திருப்பாள். இவருடைய தொழில்புத்தி சும்மா இருக்கவிடவில்லை. “இரு இரு, மூஞ்சியில நிழல் விழுது பாரு. அந்த வெளக்க இந்தப் பக்கம் திருப்பு. போன என் கண்ணுக்கு நேராப் புடி. கை ஆடக்கூடாது.” சுண்டு சொன்னதையெல்லாம் செய்தாள்.

“கண்ண சிமிட்டுங்கப்பா. சிரிங்க.”

சிரித்தார். ஸ்டுடியோ திறந்த நாளிலிருந்து அந்த ஸ்டூலில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கடைசியில் வழக்கம்போல, “சாப்பிட்டியாம்மா?” என்றார்.

“ம்” என்றாள். போனைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே மாடியேறினாள்.

அதற்குப் பிறகு மூஞ்சி கேட்டு அவள் வரவில்லை. ஒருநாள் போனது, ஒரு வாரம் போனது. டேப்லெட்டை விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று முதலில் சந்தேகமாக நினைத்தார், பிறகு நிச்சயமே பண்ணிக்கொண்டார். அக்காவுக்குப் போன் போட்டார். “பாத்தியாக்கா? கவர்மெண்ட்டும் வேணாம், கெட்டவனும் வேணாம். பாசமா சொன்னா புள்ளைங்க கேக்கும்.” லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன டிரைவரையும் விடவில்லை, நிறுத்திவைத்துச் சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மாடிப்படிச் சத்தம் கேட்காத சாயங்காலங்களில் கை ஓடவில்லை. விட்டதே நல்லதுதானே, பிறகு ஏன் இப்படி இருக்கிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரமே பூட்டினார். எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகலாம், கேட்டதை வாங்கித் தரலாம் என்று மாடியேறினார். பாதிப் படியில் ஒரு ஆண்குரல் கேட்டது. திக்கென்றது.

“சாப்பிட்டியாம்மா?”

“ம்.”

கதவு லேசாகத் திறந்திருந்தது. வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்திருந்தது. டேப்லெட்டுக்கு எதிரே, இரண்டு பாடப்புத்தகங்களுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்திருந்தது அம்மாவின் போன். அதில் அவர் இருந்தார். முகத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லை. இமைத்தார், சிரித்தார். டேப்லெட்டில் வட்டம் பச்சையானது. தீவில் வீடு இப்போது மூன்று மாடி ஆகியிருந்தது. சுண்டு குனிந்து நாலாவது மாடிக்குச் செங்கல் வைக்க ஆரம்பித்தாள்.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். எதைச் சொல்லிக் கத்துவது? விளக்கைத் திருப்பச் சொன்னது யார்? கை ஆடாமல் பிடிக்கச் சொன்னது யார்? அவருக்கு வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

“சாப்பிட்டியாம்மா?”

போன்தான் மறுபடியும் பேசுகிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது. சுண்டு திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, போனின் சத்தத்தைக் குறைத்தாள்.