அறுபத்திரண்டு கூரைகள்

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் நடத்தும் தொண்டர் குழு அது. பெயர் 'கைகொடுப்போம்'. படித்த படிப்பை வசதியில்லாத ஜனங்களுக்குப் பயன்படுத்துவதுதான் எங்கள் நோக்கம் என்று நீல டீ-சர்ட்டின் முதுகில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். முதுகில் இருப்பதைப் போட்டிருப்பவர் படிக்க முடியாது என்பது இத்தனை பொறியாளர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கல்லூரி திறந்த முதல் வாரம் மேசை போட்டு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி போய் நின்று, டீ-சர்ட் எவ்வளவு, சான்றிதழ் உண்டா என்றெல்லாம் கேட்காமல், "படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டாள். மேசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். குழுவின் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற மூன்றாம் ஆண்டுப் பெண். அவள் எழுந்து வந்து கேட்டவளின் தோளில் கை போட்டாள்.

"மக்கள் என்ன கேக்கறாங்களோ அதைத்தான் நாங்க செய்வோம். நாமளா எதையும் கொண்டுபோய் அவங்க தலையில கட்ட மாட்டோம். அதுதான் இங்க முதல் விதி."

அந்த ஒரு வார்த்தைக்கு முதலாம் ஆண்டுப் பெண் விழுந்துவிட்டாள். அன்றே சேர்ந்தாள். எங்கே போனாலும் பையில் அளவு டேப் வைத்திருந்ததால் ஒரே வாரத்தில் அவளுக்கு 'டேப்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இனி நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவள் கேட்ட படிக்கட்டு நகரத்தின் ஓரத்தில், ஒரு சரிவின்மேல் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளுக்குப் போவது. நூற்றுப் பதினெட்டுப் படிகள். ஒரு படி முழங்காலுக்கு வரும், அடுத்த படி கணுக்காலோடு நிற்கும். கட்டினவன் யாரோ, ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு மனநிலையில் இருந்திருக்கிறான். வேறு வழி கிடையாது. மேலே, இடது பக்கம் மூன்றாவது வீட்டில் டேப்பின் அத்தை இருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் வேலை வேலை என்று ஊர் ஊராக அலைந்த காலத்தில் டேப்பை வளர்த்தவள். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அத்தையின் தொழில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், கையில் துணிமூட்டையோடு எழுபத்து நான்காவது படியில் வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குள் இப்போது ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள்தான் கீழே இறங்குவாள். அதுவும் நடந்து இல்லை. சின்னக் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். பார்ப்பவர்கள் கேட்டால், "படியெல்லாம் துடைச்சுக்கிட்டே போறேன்" என்பாள்.

அந்தப் படிக்கட்டில் ஒரு கைப்பிடி. டேப் கேட்டது அவ்வளவுதான்.

இதைக் குழுவில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொந்தக்காரிக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று பேச்சு வரும். கேப்டனிடம் மட்டும் சொன்னாள். பட்டறையில் அவளுக்கு வெல்டிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் கேப்டன். காய்ச்சல் வந்தபோது விடுதி அறைக்குக் கஞ்சி கொண்டுவந்தவள். கூடப் பிறக்காத அக்கா என்றே டேப் நினைத்திருந்தாள். "அது நமக்குள்ள இருக்கட்டும். ஆனா ஒண்ணு, உங்க அத்தையை வச்சு சர்வேயை ஜம்முன்னு முடிச்சிடலாம்" என்றாள் கேப்டன்.

சொன்னது சரிதான். நீலச் சட்டைக்காரர்கள் போய்த் தட்டினால் அந்தச் சரிவில் ஒரு கதவும் திறக்காது. அத்தை போய் "நான்தான்" என்றால் எல்லாக் கதவும் திறக்கும். தகடு வைத்த காலை இழுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாக அத்தை கூடவே வந்தாள். உங்கள் பகுதிக்கு முதலில் தேவை எது என்று ஒரே கேள்வி. ஐம்பத்தேழு வீட்டில் பதில் கிடைத்தது. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. நாற்பத்தொன்பது வீட்டில் கைப்பிடி என்றார்கள். ஐந்து பேர் குப்பையை அள்ள வேண்டும் என்றார்கள், அதில் ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து அள்ளச் சொன்னார். மூன்று வீட்டில் மட்டும் படிக்கு விளக்கு வேண்டும் என்றார்கள்.

டேப் நூற்றுப் பதினெட்டுப் படியையும் அளந்தாள். கம்பிக்கு எந்தக் கனம் சரி என்று பார்க்கப் பட்டறையிலிருந்து மூன்று குழாய்த் துண்டுகளை வெட்டி எடுத்துப்போனாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இது ரொம்பத் தடி. இது குச்சி மாதிரி. இதுதான் கண்ணு, பிடிச்சா பிடிச்ச மாதிரி இருக்கு."

"அப்போ இதையே போட்டுடலாம் அத்தை."

"நிஜமாவா போடுவாங்க?"

"நான் சொல்றேன்ல. போடுவாங்க."

அந்தக் குழாய்த் துண்டை அத்தை திருப்பித் தரவில்லை. தையல் மேசையில் துணி பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டாள்.

ஐம்பத்தேழு தாளையும் கோப்பில் போட்டு, முகப்பில் 'கணக்கெடுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டு, படம் போட்ட வரைபடத்தோடு கேப்டனிடம் கொடுத்தாள். கணினியில் ஏற்ற வேண்டும் என்று கேப்டன் வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் போனது. கேட்டபோதெல்லாம் "வேலை நடக்குது" என்ற பதில்தான். வேலை நடந்தது என்னவோ உண்மை. சரிவில் விளக்குக் கம்பங்கள் நட ஆரம்பித்தார்கள். சூரிய ஒளியில் எரிகிற விளக்குகள், பத்துப் படிக்கு ஒன்று. விளக்கு முதலில், கைப்பிடி அடுத்து என்று டேப் நினைத்துக்கொண்டாள். கம்பம் நடக் குழிகூடத் தோண்டிக்கொடுத்தாள், அசடு.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு முந்தின நாள், குழுவின் அறையில் சுவரொட்டியைத் தரையில் விரித்து மூலைகளுக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் கொட்டை எழுத்தில், 'அறுபத்திரண்டு வீடுகள். அறுபத்திரண்டு குடும்பங்களும் கேட்டது ஒன்றே: வெளிச்சம்.'

டேப் அதை இரண்டு தரம் படித்தாள். அறுபத்திரண்டு எங்கிருந்து வந்தது? கீழே, மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படம் ஒன்று. ஒவ்வொரு கூரைமேலும் சிவப்புப் புள்ளியும் எண்ணும். அவள் குனிந்து அத்தை வீட்டைத் தேடினாள். அது நாற்பது. அதை ஒட்டி நாற்பத்தொன்று. அந்தப் பக்கம் அத்தை வீட்டை ஒட்டி வேறு வீடே கிடையாது. இருப்பது எதிர்வீட்டுக்காரரின் கோழிக்கூடு. ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு இரண்டும் பொதுக் கழிப்பறை.

அவர்கள் கூரையை எண்ணியிருக்கிறார்கள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, விரல் விட்டு, கூரையை எண்ணியிருக்கிறார்கள். படத்தின் மூலையில் தேதி இருந்தது. அவள் முதல் கதவைத் தட்டுவதற்குப் பதினாறு நாள் முன்னால்.

"கோழிக்கூடும் லைட் கேட்டுச்சாக்கா?" என்றாள் டேப்.

கேப்டன் நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இங்க பாரு. இந்த வருஷப் போட்டியோட தலைப்பே சூரிய சக்தி. விளக்கு என்னோட புராஜெக்ட், லீவுலயே டிசைன் முடிச்சாச்சு. இதை வச்சுத்தான் நான் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடணும்."

"அப்போ எதுக்கு என்னை வீடு வீடா அனுப்பினீங்க?"

"மக்களைக் கேட்டோம்னு காட்டணும்ல. அதுக்குத் தனி மார்க் இருக்கு."

"அவங்க கைப்பிடி கேட்டாங்க."

"இரும்புக் குழாய்க்கு யாரு பரிசு தருவா? அதுல என்ன இன்ஜினியரிங் இருக்கு, நீயே சொல்லு!"

அத்தையின் காலில் இருக்கிற தகட்டில் என்ன இன்ஜினியரிங் இருக்கிறதோ அதுதான் என்று சொல்ல வந்தது. கஞ்சி கொண்டுவந்த கை, வெல்டிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை, எல்லாம் குறுக்கே வந்து நின்றன. வாக்குக் கொடுத்தது கேப்டன் இல்லை, அவள். ஐம்பத்தேழு கதவு திறந்தது கேப்டனுக்காக இல்லை.

"நாளைக்கு மேடையில நான் உண்மையைச் சொல்லிடுவேன்."

கேப்டன் கோபப்படவே இல்லை. சுவரொட்டியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். "சொல்லு. உன் இஷ்டம்" என்றாள். அந்த அமைதியைப் பார்த்தே டேப் சுதாரித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் யார் சுதாரிக்கிறார்கள்?

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. டேப் கடைசி வரிசையில், தன் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நடுவர்கள். கேப்டன் நன்றாகப் பேசினாள், அந்தத் திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. முடிந்ததும் நடுவில் இருந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் கேட்டார்: "அறுபத்திரண்டு குடும்பமும் ஒரே பதில் சொல்றது ரொம்ப அபூர்வமாச்சே. எப்படிக் கேட்டீங்க?"

டேப் எழுந்தாள்.

"அதை அவங்களே சொன்னா நல்லா இருக்கும்" என்றாள் கேப்டன். "அங்கேயே குடியிருக்கறவங்க. எங்களோட வீடு வீடா வந்தவங்க."

பக்கவாட்டுக் கதவு வழியாக, இரண்டு நீலச் சட்டைகள் தாங்கிப் பிடிக்க, அத்தை வந்தாள். இருப்பதிலேயே நல்ல துணியை உடுத்தியிருந்தாள். நாற்காலி போட்டார்கள். ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"வணக்கம். இந்தப் பிள்ளைங்க வந்து கேட்டாங்க. ஒவ்வொரு வீடா நானும்தான் போனேன். எல்லாரும் லைட்டுதான் கேட்டோம்." அவள் கண் அரங்கம் முழுக்கத் தேடி டேப்பைப் பிடித்தது. "கணக்கெடுத்த பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு. எழுதினதுல ஒரு தப்பும் இல்லை."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டேப் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் அத்தையைப் பொய்க்காரி என்று இத்தனை பேர் முன்னால் சொன்னதாகும். கேப்டன் மேடையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்தாள். முதல் பரிசு அவர்களுக்கே கிடைத்தது.

சாயங்காலம் கல்லூரி வண்டி படிக்கட்டின் அடியில் இருவரையும் இறக்கிவிட்டுப் போனது. டேப் முதல் படியில் நின்று கேட்டாள்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னே?"

"அந்தப் பொண்ணு நேத்து இருட்டறதுக்கு முன்னாடி வந்துச்சு. ரிப்போர்ட்ல உன் கையெழுத்துதான் இருக்காமே. தப்புன்னு தெரிஞ்சா உன்னைத்தான் காலேஜை விட்டு அனுப்புவாங்களாம். நீ வேற ஏதோ வீம்புக்குப் பேசப் போறேன்னு சொல்லிச்சு. அழாத குறைதான்."

"பொய் அத்தை. எல்லாம் பொய்."

"எனக்கென்னடி தெரியும்? உன் படிப்புன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? கம்பி இல்லாட்டி உட்கார்ந்து இறங்கிட்டுப் போறேன். இத்தனை நாள் இறங்கலையா?" அத்தை மூச்சு வாங்கினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், அதுக்கும் இந்தப் படி ஏறிப் பழக்கமில்லை. சுவத்தைத் தடவித் தடவி வந்துச்சு. ஒரு சொம்புத் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுட்டு, 'ஒரு கைப்பிடி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்'னு அதுவே சொல்லிச்சு."

டேப்புக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள். ஏமாந்ததற்காக அழுதாளா, ஏமாற்றியதற்காகவா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அத்தை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள், நீலச் சட்டையில் அச்சடித்த எழுத்தின்மேலேயே.

"எழுந்திரு. எனக்குக் கால் வலிக்குது."

டேப் எழுந்தாள். அத்தை ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை அவள் தோளிலும் வைத்துக்கொண்டாள். ஏற ஆரம்பித்தார்கள். உயரமான படி வரும்போதெல்லாம் அத்தையின் விரல்கள் தோளை அழுத்திப் பிடித்தன. அந்தக் குழாய்த் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்ததும் இதே பிடிதான்.

எழுபத்து நான்காவது படிக்கு வந்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. விளக்குகள் தாமாகவே எரியத் தொடங்கின, கீழிருந்து மேல்வரை பன்னிரண்டும். ஒன்று சரியாக அந்தப் படியின் தலைக்குமேல் இருந்தது. ஈரம் உலராத கல், வழுக்கும் பாசி, எல்லாம் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. அத்தை நின்று, அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள், குனிந்து படியைப் பார்த்தாள்.

"பரவாயில்லை கண்ணு. இனிமே நான் விழுந்தா எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். டேப் சிரிக்கவில்லை. தோளை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். மேலே இன்னும் நாற்பத்து நான்கு படி இருந்தது.