வெள்ளிக்கிழமை என்று சொல்ல ஒரு கட்டம்

நல்லம்மாளுக்கு வெள்ளிக்கிழமை கோழி வருகிறது. சனிக்கிழமை சைவம் வருகிறது. அவர் கேட்பதோ வெள்ளிக்குச் சைவம், சனிக்கு அசைவம். எங்கே ஒரு நாள் பிந்துகிறது என்று ஏமிக்குப் பிடிபடவில்லை.

மலேசியாவில், மேருவில் நல்லம்மாள் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலைக்குச் சாப்பாடு அனுப்பும் கிள்ளான் சமையற்கூடத்துக்காக, பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து செயலி எழுதியவள் அவள். சர்வரின் கடிகாரத்தைச் சந்தேகித்து, உலக நேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் உள்ள எட்டு மணி நேர வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள். பிழை அசையவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி எழுந்தாள்.

சமையற்கூட முதலாளி பிரவின் போன் செய்தார்.

"போன வெள்ளியும் அந்தம்மா பச்சைத் தண்ணி குடிச்சிட்டு மெஷின்கிட்ட நின்னாங்க. நாளைக்கும் கோழி போச்சுன்னா உங்க ஆப் வேணாம் லா, வாட்ஸ்அப்பே போதும். பன்னண்டு மணிக்கு நாளைக்கு உள்ள ஆர்டர் எடுத்துடுவேன், பாத்துக்குங்க."

ஏமி நேராக நல்லம்மாளையே அழைத்தாள்.

"ஆன்டி, ஆப்ல சைவம்னு எப்ப போடுறீங்க?"

"வெள்ளிக்கிழமை காலைல, பஸ் ஏறுனதும். சனிக்கிழமை காலைல எடுத்துருவேன்."

"எப்பவும் சைவம்னே விட்டுட்டா என்ன?"

"நல்லா இருக்கே! மீன் இல்லாம மத்த நாள் எப்படி ஓட்டுறது? புரட்டாசின்னா மாசம் பூரா தொடமாட்டேன், அது வேற. ஏன், உங்க வீட்டுல வெள்ளிக்கிழமை பாக்கறதில்லையா?"

"நாங்க சர்ச், ஆன்டி. எல்லா நாளும் கோழிதான்."

"குடுத்து வச்சவ!"

பிந்தியது கடிகாரம் இல்லை. சமையற்கூடம் முந்தின நாள் நண்பகலிலேயே ஆர்டரை எடுத்துவிடுகிறது. வெள்ளி காலை மாற்றினால் அது சனிக்கிழமைக்குத்தான் போய்ச் சேரும்.

செயலி கேட்பதற்கும் சர்வர் பதில் சொல்வதற்கும் முன்கூட்டியே வடிவம் வகுக்க வேண்டும்: என்ன தகவல், அது எண்ணா, தேதியா, ஆம்-இல்லையா என்று. 'சைவமா?' என்பதற்கு ஏமி ஆம்-இல்லை வகையைக் கொடுத்திருந்தாள். அது ஆளைப் பற்றிய கேள்வி. நல்லம்மாள் சொல்ல வந்ததோ நாளைப் பற்றி. அதற்குக் கட்டமே இல்லாததால், வாராவாரம் அந்தப் பொத்தானை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமையைப் பார்த்தே வளர்ந்த ஏமிக்கு, வகை எழுதும்போது அது தோன்றவில்லை.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டுக்குள் முடிக்க அவசரமாகத் திருத்தினாள்.

செயலி அனுப்பும் கோரிக்கையில் ஆம்-இல்லை போய், சைவக் கிழமைகளின் பட்டியலும், தொடக்க, முடிவுத் தேதிகள் கொண்ட சைவக் காலமும் வந்தன. பதிலில் ஒவ்வொரு தேதியோடும் அன்றைய சாப்பாடு சேர்ந்து வரும். நல்லம்மாளுக்கு 'வெள்ளி' என்று ஒருமுறை பதிந்து, அனுப்பிப் பார்த்தாள். பதில் வந்தது: நாளை சைவம், நாளை மறுநாள் மீன்.