சாந்தா ரோசா இல்லாத வானிலை அறிக்கை

1

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு காலை, பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். வானொலியில் மில்டன் எச்செவேரி வானிலை வாசித்தார். "சால்டோ நகரம். இன்றும் நாளை சனிக்கிழமையும் வானம் தெளிவு. காலையில் குளிர். மழை இல்லை." அதோடு நிறுத்திவிட்டார்.

எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் பல்வலியை மறந்து, "சாந்தா ரோசாவ விட்டுட்டானே! இவனுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றார்.

அவர் ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் ஒரு செய்தி கிடைத்திருக்கும். சோம்பேறித்தனத்தால் கதையாகிவிட்டது.

2

ஆகஸ்ட் கடைசியில், எங்கள் பூமிப் பாதியில் குளிர்காலம் முடியும் தறுவாயில், சாந்தா ரோசாவின், அதாவது புனித ரோசாவின், திருநாளையொட்டி ஒரு பெரும்புயல் வந்தே தீரும் என்பது எங்கள் நம்பிக்கை. ஐந்து நாள் முன்னால் வந்தாலும் அது அவளுடையது, ஐந்து நாள் பின்னால் வந்தாலும் அவளுடையது. வராவிட்டால், இந்த வருஷம் தாமதம். இப்படியொரு வேலை கிடைத்தால் நானும் புனிதனாகிவிடுவேன்.

மில்டன் தலைநகரிலிருந்து வரும் அறிக்கையை வாசிப்பார். அந்த வாரம் மட்டும் கடைசியில் தன் சொந்த வரி ஒன்றைச் சேர்ப்பார்: "சாந்தா ரோசா எட்டிப் பார்க்கலாம்." வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லாவிட்டாலும் சேர்ப்பார்.

இனி கதையின் தொடக்கம்.

"நெலிதாவின் கூரையிலிருந்து சொட்டிய ஒவ்வொரு துளியும் அவளது கண்ணீ—" வேண்டாம். நெலிதா அழுகிற ஆள் இல்லை.

"வானம் என்பது—" வானத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"நெலிதா பெந்தான்கூரின் குறைமாதக் குழந்தை திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருகிறது." இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

3

நெலிதாவின் கணவன் லாரியோடு பிரேசில் எல்லையில் இருக்கிறான். அவன் தம்பி வில்மார் கூரை போடுகிறவன். ஒழுகும் கூரைக்குப் புதுத் தகரம் முற்றத்தில் தயாராகக் கிடக்கிறது. வில்மார்தான் ஏற மறுக்கிறான்.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்த வாரம் போகட்டும். சாந்தா ரோசா நேரத்துல எவனாவது கூரையப் பிரிப்பானா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். திங்கக்கிழம பிள்ள வருது. இந்தச் சுவத்துல கைய வச்சுப் பாரு, எப்படி ஊறிக் கிடக்குன்னு. ஈரத்துல வச்சா அந்த நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"கூரையப் பிரிச்சுப் போட்ட நேரம் அவ வந்துட்டா?"

"வானம் சுத்தமா இருக்கே, கண்ணு தெரியலையா?"

"வானத்த யாரு கேட்டா? மில்டன் சொல்லட்டும். அவரு வாயில சாந்தா ரோசா வராட்டி, நான் ஏறுறேன்."

(குழந்தையை வேறு வீட்டில் வைத்தால் என்ன என்று என் மனைவி கேட்டாள். கதையே போய்விடும் என்றேன். அது பதில் இல்லை என்றாள். சரி: வில்மார் வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் சளி.)

4

வியாழக்கிழமை வானொலி நிலைய வாசலில் நெலிதா மில்டனைப் பிடித்தாள். அவர் வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்தக் கடைசி வரிய விட்ருங்க, மில்டன்."

"விட்டா ஊரு என்னை உயிரோட விடாது, நெலிதா."

"உங்களுக்கு வர்ற அறிக்கையில அது இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

"நான் சொல்லி வராட்டி, அவ தாமதம்னு சொல்லிக்குவாங்க. சொல்லாம வந்துட்டா, நான் முட்டாள்."

"நீங்க முட்டாளாகாம இருக்க, என் பிள்ள ஈரத்துல கிடக்கணுமா?"

மில்டன் மாத்தேக் குவளையை நிரப்பி நீட்டினார். அவள் வாங்கவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

"இங்க பாரு, அறிக்கையும் பொய்க்கும். கூரை திறந்து கிடக்கையில பெய்ஞ்சுட்டா என்ன பண்ணுவ?"

"நனையறது நாங்க. உள்ளத மட்டும் சொல்லுங்க, போதும்."

5

முதலில் மில்டனைக் கோழையாகத்தான் எழுதினேன்.* இப்போது அப்படித் தோன்றவில்லை. மழை இல்லை என்று அறிக்கை சொன்னால், பெய்ய வாய்ப்பு குறைவு என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் வில்மார் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவான். மில்டன் பயப்படுவது திட்டுக்கு மட்டுமல்ல. நானாக இருந்தால் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்திருப்பேன்.

* அந்த வரைவில் அவருக்கு மீசை இருந்தது. மீசையை எடுத்ததும் கொஞ்சம் நல்லவராகிவிட்டார். எனக்கு மீசை உண்டு.

6

வெள்ளிக்கிழமை அவர் வாசித்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. "நீயெல்லாம் ஞானஸ்நானம் வாங்குனவன்தானா?" என்றுகூட ஒருவர் கேட்டார்.

சனிக்கிழமை வில்மார் பழைய தகரத்தைப் பிரித்துப் போட்டான். மதியத்துக்குள் குழந்தையின் அறைக்குக் கூரை இல்லை. வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. சுவர் உலர்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நெலிதா பல நாட்களுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தாள். இதை ஜோடிக்காமல் எழுத ஆசைப்படுகிறேன்: சந்தோஷமாக இருந்தாள்.

யாரும் கூப்பிடாமல் மில்டன் வந்தார். அறைக்குள் போய், தன் அறிக்கைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

மேலிருந்து வில்மார் கத்தினான். "மில்டன் ஐயா! தென்மேற்கால என்னமோ கறுக்குது. இது உங்க அறிக்கையில இருக்கா?"

"இல்ல."

"அப்ப இது என்னதாம்?"

"தெரியலப்பா. நீ ஆணிய அடி, நான் தகரத்தத் தூக்கித் தர்றேன்."

7

ஒரு முடிவு: மேகம் ஆற்றைத் தாண்டி அர்ஜென்டினாப் பக்கம் போய்விடுகிறது. கூரை முடிகிறது, சுவர் காய்கிறது. அடுத்த வருஷம் ஊரே மில்டன் சொல்வதை வேதவாக்காக நம்புகிறது. அவருக்குத் தூக்கம் போகிறது.

இன்னொரு முடிவு: பாதித் தகரம் போட்டிருக்கும்போது கொட்டுகிறது. மழை வந்தால் எங்கள் ஊரில் செய்வதுபோல் தெருவில் எல்லா வீட்டிலும் மாவு பிசைந்து ரொட்டி பொரிக்கிறார்கள். வாசனை கூரையற்ற அறைக்குள் இறங்குகிறது. திங்கட்கிழமை குழந்தையை அந்தச் சுவரோரம் படுக்க வைக்கிறார்கள். இரவில் அது இரும— இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நிஜத்தில் மழை பெய்ததா என்று கேட்பீர்கள். பல் பிடுங்கிய வலியில் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டேன்.

ஆகவே மேகத்தை அங்கேயே விட்டுவிட்டு, பேனாவை மூடுகிறேன். அதை ஆற்றுக்கு அப்பால் ஒதுக்க விரும்புகிறவர்கள் ஒதுக்கலாம். மழைதான் வேண்டும், அதுதான் நல்ல கதை என்பவர்கள் தாராளமாகப் பெய்யவிடலாம். ஆனால் ஒன்று. நெலிதா தார்ப்பாயை எடுத்து வந்துவிட்டாள். அங்கே இருப்பது மேலே வில்மாரையும் சேர்த்து மூன்று பேர், தார்ப்பாய்க்கு நான்கு முனை. நீங்கள் வந்து ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கும்.