திருப்பிப் போட்ட அட்டை

“நிறுத்தாதேன்னு சொன்னேன்ல! வந்தவர் முன்னாடியே மானத்தை வாங்குறியே!”

“மானம் அப்புறம். முதல்ல விளிம்பைத் தடவிப் பாருடா!”

தம்பி தடுத்தும் அக்கா சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள். லேசர் அணைந்தது. அட்டையைத் தூக்கிய இயந்திரக் கை அந்தரத்தில் நின்றது. காலணிக் கம்பெனி முதலாளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அவர் ஆர்டர் தராவிட்டால் இயந்திரம் நிற்கும் ஷெட்டை வாடகைக்கு விடப்போவதாக அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தாள். தெருவும் கேட்டுத்தான் வைத்திருந்தது; இல்லாவிட்டால் ஜன்னலோரம் இத்தனை தலைகள் எதற்கு?

செய்ய வேண்டியது, தோலை மேலே இழுத்துக் காலணி செய்ய ஒரு பாத அச்சு. அட்டை அட்டையாக லேசரால் வெட்டி, பசை போட்டு அடுக்கினால் முழுப் பாதம் எழும்பும். நேராக வெட்டினால் விளிம்பு படிக்கட்டாக நிற்கும் என்று லேசரையே சாய்த்து வெட்ட வைத்தவள் அக்கா. “வீண் பந்தா” என்று தம்பி ஒரு வார்த்தை விட்டான். அன்றோடு பேச்சு முறிந்தது. ‘அவன்கிட்ட சொல்லும்மா’, ‘அவகிட்ட சொல்லும்மா’ என்றே மீதி இயந்திரம் வளர்ந்தது. போன வாரம் அம்மாவும், “நான் என்ன உங்க தபால்காரியா?” என்று கையை உதறிவிட்டாள்.

இப்போது பாதி எழும்பிய பாதம் அக்காவின் விரலில் ரம்பமாய் உரசியது. ஒவ்வோர் அட்டையின் விளிம்பும் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. கணக்கு தப்பவில்லையே! தொங்கும் அட்டையை அண்ணாந்து பார்த்தாள். அடியில் பசை மினுங்கியது.

“டேய், உன் கை அட்டையைக் கவுத்தா போடுது?”

“மேல பசை தடவிக் கவுத்தாத்தானே வழியாம ஒட்டுது? போன வாரம்தான் மாத்தினேன். வடிவத்தையும் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிட்டேன். சாய்வு உன் வேலை.”

“சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“மகாராணிதான் பேச மாட்டீங்களே!”

முதலாளி எழுந்தார். அக்கா முந்திக்கொண்டாள். “சார், தப்பு எங்களோடது. சாய்வை மாத்தி முதல்லேருந்து ஓட்டுறோம்.”

அவர் ரம்ப விளிம்பைத் தடவினார். “நிறுத்தாம விட்டிருந்தா?”

“உங்க செருப்புத் தோலைக் கிழிச்சிருக்கும்.”

உட்கார்ந்தார்.

மறுபடி அட்டை, பசை, கவிழ்ப்பு. கடைசி அட்டை ஒட்டியதும், முதலாளி தைத்த தோல் ஒன்றை எடுத்து அச்சின்மேல் இழுத்தார். குதிகால்வரை எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

ஆர்டர் கிடைத்தது. கம்பெனியில் இயந்திரத்தைப் பொருத்தப் போன தம்பி, அங்கே தோல் தைக்கும் பெண்ணையே கட்டிக்கொண்டு அந்தப் பக்கமே குடிபோய்விட்டான். அக்கா ஷெட்டில்தான். எதை மாற்றினாலும் உடனே போன். இருவரும் கத்துகிற கத்தலில் அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொள்கின்றன.