குமரிமுனையில் பார்க்க வேண்டியவை

கன்னியாகுமரியில் பார்க்க வேண்டிய இடங்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பி.ஏ. படித்தவன் என்று எங்கள் கோவில் உபதேசியார் மரியதாஸ் அந்த வேலையை என்னிடம் விட்டார். ஒரு சிறு வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து, கார்பன் தாள் வைத்து நாலு பிரதி எடுத்தேன். கோட்டாறு சவேரியார் கோவில். வட்டக்கோட்டை. விவேகானந்தர் பாறைக்குப் படகு. காந்தி மண்டபம். கடற்கரையில் பல நிறத்து மணல். காலையில் கடலிலிருந்து சூரியன் எழுவது, மாலையில் கடலில் இறங்குவது.

எழுபத்து நாலாம் வருஷம், மே மாதம். வில்லியனூர்ப் பங்குக் கோவிலிலிருந்து நாற்பது பேர் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் கிளம்பினோம். என் மனைவி மதலேனாள் இறந்து அப்போது ஏழு மாதம். கர்ப்பத்தின் எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, அவளும் பிள்ளையும் ஒரே நாளில் போனார்கள். ஒதியம்பட்டுக் கல்லறையில் ஒரே பெட்டியில் வைத்துப் புதைத்தோம்.

டூருக்கு என் பெயரைக் கொடுத்தவர் மாமனார் சவரிராயன். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. சாவுக்குப் பிறகு அவர் வீட்டில்தான் சாப்பாடு. சோறு போட்டால் சாப்பிட்டேன். கையில் கறுப்புத் துணி கட்டினார்கள், கட்டிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். சைக்கிளில் ஆபீசுக்குப் போய் வந்தேன். டூருக்கு வா என்றார், போனேன்.

மாமியார் ஆரோக்கியமும், மதலேனாளின் தங்கை அந்தோணி மேரியும் வந்தார்கள். மேரிக்குப் பத்தொன்பது வயது. இறந்த மனைவியின் தங்கையைக் கட்டுவதற்கு எங்கள் சபையில் தடை உண்டு. மேற்றிராணியார் என்கிற பிஷப் விலக்குக் கொடுத்தால் கட்டலாம். கேட்டால் கொடுப்பார்கள், எங்கள் பக்கம் சில வீடுகளில் நடந்திருக்கிறது. என் விஷயத்திலும் அப்படி ஒரு பேச்சு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் முற்பகலில் கோட்டாறு சேர்ந்தோம். மாமனாரின் சவரிராயன் என்ற பெயர் சவேரியாரிடமிருந்து வந்தது. மாமனார் முழங்காலில் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து என் தோளைத் தொட்டார். 

அங்கிருந்து வட்டக்கோட்டை. கடலுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும் கல் கோட்டை. என் தாளில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். பெண்கள் நிழல் தேடிப் போனார்கள். டிரைவர் நடேசன் மதிலில் ஏறி நின்று, முனையில் மூன்று கடல் கூடுகிறதென்று நான் சொன்னதைப் பற்றி விசாரித்தார்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியுது தம்பி. மீதி ரெண்டு இன்னா ஆச்சு?"

முனைக்குப் போனால் தெரியும் என்றேன். அங்கேயும் ஒன்றுதான் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் இறங்கிப் போனதும் மேரி வந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கடலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொன்னாள். கடிதம் அவள் பெட்டியில் இருந்தது. ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். அப்பாவிடம் காட்டியபோது, முதலில் கல்யாணப் பேச்சு முடியட்டும், மாப்பிள்ளையாகிய நான் வேண்டாம் என்றால் அவள் படிக்கப் போகலாம் என்றாராம். மாட்டேன் என்று அவள் சொன்னால் இரண்டும் கிடையாதாம்.

"நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா போதும் மாமா. எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. அக்கா படுத்த பாயில என்னால படுக்க முடியாது."

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். நாளை மாலைக்குள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள் என்று நினைக்கிறேன். அன்று கன்னியாகுமரி லாட்ஜுக்குப் போகும் வழியில், பக்கத்தில் இருந்த கிழவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மதலேனாள் செத்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் படகில் பாறைக்குப் போனோம். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினார். காந்தி மண்டபம் பார்த்தோம். கடையில் பெண்கள் சங்கு மாலையும் மணல் பொட்டலமும் வாங்கினார்கள். நான் மாமனாரின் பின்னாலேயே நடந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். மாமா, இந்தப் பேச்சு வேண்டாம், மேரி படிக்கட்டும். சின்ன வாக்கியம். நாலைந்து முறை வாய்ப்பு வந்தது. ஒரு முறை அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்ததும் நடக்கத் தொடங்கிவிட்டார்.

மாலையில் எல்லோரும் கடற்கரையில் உட்கார்ந்தோம். சூரியன் இறங்க அரை மணி இருந்தது. மாமனார் எழுந்து நின்றார். உபதேசியாரும் எழுந்து என் பக்கம் வந்தார். மாமியார் துணிப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே ஒரு புது வேட்டி. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் தட்டை நீட்டி, மாப்பிள்ளை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. என் தகப்பன் இடத்தில் நிற்கத்தான் உபதேசியார் எழுந்திருக்கிறார். அவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

"மாப்ள, நாப்பது பேரு சாட்சி," என்றார் மாமனார். "மூத்தவள ஒனக்குக் குடுத்தேன். கர்த்தர் எடுத்துக்கினாரு. இவள வாங்கிக்கோ."

தட்டு என் முன்னால் வந்தது. என்னவென்று தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. மேரி ஐந்தடி தூரத்தில் நிற்பதும் தெரிந்தது. வாக்கியமும் அப்படியே வாயில் இருந்தது. ஆனால் கைகள் தட்டை நோக்கிப் போய்விட்டன. ஏழு மாதமாக நீட்டியதையெல்லாம் வாங்கிப் பழகிய கைகள். பழம் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

யாரோ கை தட்டினார்கள். மாமியார் அழுதார். அதற்குள் ஒருவர் சூரியனைப் பாருங்கள் என்று சொல்ல, எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். சூரியன் கடலில் இறங்கவில்லை. கரையோரத் தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மே மாதத்தில் அப்படித்தான் என்று புத்தகத்தில் இருந்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை.

"இன்னா மாப்ள, கடல்ல முழுவும்னு எழுதிட்டு தோப்புல முழுவுது?" என்றார் நடேசன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை திரும்பினோம். பெண்கள் மேரியைத் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார்கள். ஒருத்தி, இப்பவே நடுவுல எடம் வுட்டு உக்காருறா பாரு என்றாள். திருநெல்வேலி தாண்டினோம். பிறகு நான், ஊருக்குப் போனதும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"இனிமே வேணாம்," என்றாள் மேரி. குரலில் கோபம் இல்லை. "வெத்தல மாத்திட்டு வுட்டுட்டான், பொண்ணுகிட்ட இன்னா கொறையோன்னுதான் பேசுவாங்க. முந்தாநேத்தே சொல்லியிருக்கணும் மாமா."

ஆமாம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை.

ஊர் சேர்ந்த நாலாம் நாள் பங்குச் சாமியாரின் பங்களாவுக்குப் போனோம். விலக்குக் கேட்கும் மனு எழுத வேண்டும். காரணம் ஒன்று கட்டாயம் போட வேண்டும் என்றார் சாமியார். வளர்க்கக் குழந்தை இருந்தால் அதை எழுதலாம். இல்லை. ஊர் சிறியது, வேறு வரன் கிடைப்பது கடினம் என்று எழுதினால் ஏற்பார்கள் என்றார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மாமனார் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். எழுதினேன்.

பிறகு எங்கள் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். அது முறை. முதலில் என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். மனப்பூர்வமான சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, இங்கே சொல்வது வெளியே போகாது என்றார். நான் வேண்டாம் என்றால், ஏதோ தடங்கல் என்று அவரே சொல்லி நிறுத்திவிடுவார், யார் மேலும் பழி வராது என்று அப்போது புரிந்தது. மேரியிடம் கேட்டுவிட்டு வரவா என்று ஒரு கணம் நினைத்தேன். கேட்க என்ன இருக்கிறது என்றும் தெரியும். பஸ்ஸில் அவள் இனிமே வேணாம் என்று சொன்னது மட்டும்தான் காதில் இருந்தது. அல்லது, அது எனக்கு வசதியாக இருந்தது.

சம்மதம் என்றேன்.

மேரி உள்ளே போனாள். நான் வராந்தாவில் நின்றேன். சீக்கிரமே வந்துவிட்டாள். மாமனார் அப்பால் மாமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சம்மதம்னு சொன்னேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தனியா கேக்கறாரே, இங்கயாவது வேணாம்னு சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். அதனால, மாமா சொன்னதுதான் எனக்கும்னு சொல்லிட்டேன்."

சாமியார் அறைக் கதவு மூடியிருந்தது. தட்டலாம். நாலு அடிதான். நான் நின்ற இடத்தில் நின்றேன். அவளும் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

சாமியார் வெளியே வந்து, மேற்றிராணியாரிடமிருந்து பதில் வர ஒரு மாதம் ஆகும் என்றார். அதுவரை பெண் எங்கும் போக வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் மாமனார். அன்றைக்குத் தேதி மே இருபத்தெட்டு, ஜூன் பத்துக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. மேரி தலையாட்டினாள். மாமனார் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.