செல்லமுத்துவை எடுத்துவிடுங்கள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வரவேண்டியதே இல்லை. ஒரு கணினிச் சஞ்சிகை என்னிடம் கட்டுரை கேட்டது. சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எடிட்டிங் மென்பொருள்கள் எப்படி வளர்ந்தன என்று எழுத வேண்டும். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டிவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

'கலிபோர்னியாவில், கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறையில், இளம் பொறியியலாளர் ஒருவர் கோப்பியை உறிஞ்சியபடி...'

உறிஞ்சியபடி என்ன செய்தார்? எனக்குத் தெரியாது. கலிபோர்னியாவைப் படத்தில் பார்த்ததோடு சரி. எனக்குத் தெரிந்த ஒரே எடிட்டர், இலங்கை மலையகத்தில் பதுளை பஜார் வீதியில் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் இருக்கும் பலீலாதான். ஆகவே அவளை எழுதுகிறேன். சஞ்சிகைக்காரர்கள் கோபிக்கக்கூடாது.

2.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. முதலில் ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். பிறகு டேப் வந்தது. இரண்டு வீடியோ டெக்குகளைப் பக்கத்தில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதில் பதிவார்கள். நடுவில் ஒரு காட்சியை மறந்துவிட்டால் அங்கிருந்து கடைசிவரை மறுபடி பதிய வேண்டும். அப்புறம் கணினி. காட்சிகள் திரையில் பட்டை பட்டையாக வரிசையில் நின்றன. எதையும் இழுத்து எங்கேயும் வைக்கலாம், பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கலாம்.

(எனக்கு அந்த வசதி இருந்தால் இந்தப் பத்தியைக் கதைக்கு வெளியே இழுத்து வைத்திருப்பேன்.)

எந்த வரலாற்றிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டெக் காலத்தில் பலீலாவிடம் ஓர் அருமையான பதில் இருந்தது. மாப்பிள்ளையின் வழுக்கையை மறைக்கலாமா என்று கேட்டால், முடியாதுங்க. வராத சித்தப்பாவைச் சேர்க்கலாமா என்றால், முடியாதுங்க. பழி மெஷின்மேல் போய்விடும்; யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மென்பொருள் பதிப்புக்குப் பதிப்பு வளர, அந்தப் பதில் அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

3.

2002. பலீலாவின் கணவன் பாறூக்தான் கேமராக்காரன், ஸ்டூடியோ முதலாளி, வாய்ச் சவடாலிலும் அவனுக்கே முதலிடம். கொழும்பிலிருந்து மென்பொருளின் புதிய பதிப்பை ஒரு சிடியில் கொண்டுவந்தான்.*

* அசல் சிடியா என்று கேட்காதீர்கள். கட்டுரையாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துச் சன்னாசி வந்தார். நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிற்சங்கத் தலைவர். அவருடைய மகள் சிவானுஜாவின் கல்யாணத்தைப் பாறூக்தான் படம் பிடித்திருந்தான். பாறூக்கின் கை சும்மா இருக்கவில்லை. பந்தியில் மூக்கு நோண்டிக்கொண்டிருந்த ஒருவரை, படத்தைப் பெரிதாக்கி ஓரமாகத் தள்ளி, ஆளே இல்லாமல் செய்து காட்டினான். சன்னாசி கண் இமைக்காமல் பார்த்தார்.

"அப்ப செல்லமுத்துவ எடுத்துருங்க" என்றார்.

செல்லமுத்து சிவானுஜாவின் தாய்மாமன். சன்னாசியின் மனைவி வடிவம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் முடிந்த கையோடு ஒரு லயத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு எதிர்ச் சங்கத்துக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தலைவர் சன்னாசி வீட்டில் கல்யாணக் கேசட் போடப் போகிறார்கள், தோட்டமே கூடும். அத்தனை பேர் முன்னால் அவன் கதாநாயகன் மாதிரி நடந்து வந்தால் சன்னாசிக்கு எப்படி இருக்கும்?

4.

சன்னாசியை வில்லனாகத்தான் தொடங்கினேன். முறுக்கிய மீசை வைத்தேன். 'அவர் கண்கள் கொள்ளிக்கட்டை...' என்று ஒரு வாக்கியம்கூட எழுதி, வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன். மீசையையும் எடுத்தாயிற்று. வேலைநிறுத்தம் என்றால் தோளோடு தோள் நின்ற மச்சான் சொல்லாமல் போய்விட்டான். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

சிக்கல் பலீலாவுக்கு. இந்தத் தோட்டத்து ஆட்கள் கல்யாணத்தில் தாய்மாமன்தான் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அவனை வெட்டினால் பெண் அறை வாசலில் காணாமல் போய், மணவறையில் திடீரென்று முளைக்கிறாள். அதோடு அன்றைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு கல்யாணத்துக்கு இடம் கிடையாது. சனிக்கிழமை இதை அழித்தால்தான் அடுத்தது ஏறும். கேமராக் கேசட்டிலும் பாறூக் புதுக் கல்யாணத்தைப் பதிந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமைக் கேசட்டில் இல்லாத செல்லமுத்து பிறகு எங்கேயும் இருக்கமாட்டான்.

5.

வெள்ளிக்கிழமை வடிவம்மா தனியாக பஸ் ஏறி வந்தாள். வீட்டில் மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தாளாம். பலீலா அந்தக் காட்சியைப் போட்டாள். வடிவம்மா நின்றபடியே பார்த்தாள், உட்காரச் சொன்னதே காதில் விழவில்லை.

"மூஞ்சிய எடுத்துருங்க தங்கச்சி. அவரு சொன்னா சொன்னதுதான். கைய மட்டும் விட்டுருங்க."

"கை மட்டும் போதுமாக்கா?"

"போதும். அம்மா இல்லாத தம்பி, நாந்தான் வளத்தேன். எம்மகள அவந்தான் கூட்டிட்டுப் போனான். அது இருக்கணும்."

புதிய பதிப்பில் அது முடியும். முகங்கள் வெளியே போகிற அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கினால் இரண்டு கைகள் மட்டும் நிற்கும். பலீலா ஒப்புக்கொண்டாள். வடிவம்மா மருந்துக்கடையில் பனடோல் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

6.

பலீலா பெரிதாக்கினாள். மாமன் கையும் மருமகள் கையும் திரை முழுக்க வந்து நின்றன. அப்போதுதான் கவனித்தாள்: அந்தக் கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. பாறூக்கைக் கூப்பிட்டாள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி வெட்டியது, தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கையைத் தெரியும் என்றான்.

முன்பு கூட்டத்தோடு கூட்டமாகச் சின்னதாகத் தெரிந்த செல்லமுத்து, இப்போது டீவி முழுக்க நிறைந்துவிட்டான். வடிவம்மா அக்காவுக்கு இது தெரியாதா என்று பலீலா யோசித்தாள். வளர்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சன்னாசி எடுக்கச் சொன்ன ஆளின் முகத்தை எடுத்தாயிற்று. அப்படியே கேசட்டில் பதியவிட்டாள்.

7.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) கை வந்ததும் சன்னாசி எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்குகிறார்.

(ஆ) "இன்னொருக்கா போடு" என்கிறார். (அழுதுகொண்டே எழுதினேன், அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

(இ) கூட்டத்துக்கு வெளியே இருட்டில் நின்ற ஒருவன்... வேண்டாம். செல்லமுத்து வரவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டில் நெரிசல். சன்னாசி முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் டீவியைப் பார்க்க, வடிவம்மா மட்டும் டீவிக்குப் பக்கத்தில் தரையில், புருஷனைப் பார்த்தபடி இருக்கிறாள். கை திரையில் வருகிறது. எழுதுகிற நான் வாசலில் நிற்பதால் சன்னாசியின் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. வடிவம்மாவின் முகம் நன்றாகத் தெரிகிறது. அதைப் பார்த்து முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.